எல்லாம் சரிதானே?

தலைமைப் பண்பை நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மயக்கத்தில் கண் சொருகுகிற நேரமாகப் பார்த்து, மூன்றாவது மாடியில் வகுப்பு. இறுதியாண்டு மாணவர்கள் முப்பது பேர். முடித்தால் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அதனால் தூங்கி வழிந்தாலும் வழிந்தார்களே தவிர, ஒருவரும் வராமல் இருந்ததில்லை.

தூங்காத ஒருத்தி முதல் வரிசையில் இருந்தாள். எல்லாரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். இயந்திரவியல் துறையில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய மின்சாரக் கார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைவி. பருவம் முடிவதற்குள் வாகனக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து அந்தக் காரை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, ஒருவரைப் பயிற்சி மேலாளராக எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒருவரை. அந்த ஒருவர் தான்தான் என்று அவள் முதல் நாளே தீர்மானித்துவிட்டாள்.

தீர்மானித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அம்மா போனதிலிருந்து அவள் சித்தி வீட்டில் இருந்தாள். சித்தி தன் மகள் வேறு, அக்கா மகள் வேறு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி திட்டு. அப்படிப் பிரித்துப் பார்க்காத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த அன்பு எவ்வளவு கனம் என்று. சீக்கிரம் சொந்தக் காலில் நிற்க வேண்டும், சித்தி 'என் பொண்ணு' என்று நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட வேண்டும். இது ஒன்றுதான் அவளுடைய ஆசை. கெட்ட ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஒரு அம்மா வருவார். எப்போதும் சிரித்த முகம். அவருடைய சிரிப்பு எங்கே முடிகிறது, பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேப்டனை எழுப்பி நிறுத்தினார்.

"உங்க டீம் மீட்டிங் எவ்வளவு நேரம் நடக்கும்?"

"ரெண்டு மணி நேரம் மேடம். சில நாள் மூணு கூட ஆகும்."

"என்ன கேட்டு ஆரம்பிப்பீங்க?"

"யாருக்கு என்ன சிக்கல்னு கேப்பேன்."

அந்த அம்மா வகுப்பையே ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தார். "சிக்கல் இருக்கான்னு கேட்டா சிக்கல்தான் வரும். கடையைத் திறந்து வச்சுட்டு ஆள் வராங்களேன்னு அழுதா எப்படி? இனிமே 'எல்லாம் சரிதானே?'ன்னு கேட்டுப் பாருங்க. யாராவது மூக்கால அழுதா, 'சிக்கலா, தீர்வா?'ன்னு ஒரே வார்த்தை. தீர்வு இருந்தாத்தான் வாயைத் திறக்கணும். வெளியில பேசும்போது மொத்த டீமும் ஒரே குரல். இந்த மூணும் போதும். தலைவர் ஆயிட்டீங்க."

கேப்டன் மூன்றையும் நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள்.

'சரியா?' என்பது கேள்வி. எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சம் இடம் விட்டுக் கேட்பது. 'சரிதானே?' என்பது அப்படி இல்லை. பதிலையும் கேட்கிறவரே சொல்லியாகிவிட்டது. தலையை ஆட்டுவது ஒன்றுதான் பாக்கி. 'சாப்பிட்டாச்சுதானே?' என்று கேட்கிற மாமியாரிடம், இல்லை, பசிக்கிறது என்று சொன்ன மருமகள் எத்தனை பேர்? தமிழில் எத்தனையோ கனமான வார்த்தைகள் இருக்கின்றன. ஆளை ஊமையாக்குவதற்கு இந்த இரண்டெழுத்து ஒட்டு போதும். இதையெல்லாம் அந்த அம்மாவும் யோசித்திருக்க மாட்டார், கேப்டனும் யோசிக்கவில்லை.

துறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் கார் நின்றது. பாதி எலும்புக்கூடு, பாதி வண்டி. பக்கத்தில் நீள மேஜை, சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள், எந்நேரமும் பிரேக் ஆயிலும் சால்டரிங் புகையும் கலந்த ஒரு வாசனை. பிரேக்கும் சக்கரமும் பார்த்துக்கொண்ட பையனுக்கு எண்ணெய் என்று பெயர். அவன் கை பட்ட நோட்டில் பேனா எழுதாது. பேசுவதும் அப்படித்தான், பாதி வார்த்தை வழுக்கிக்கொண்டு போய்விடும். பாட்டரியையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டவன் வயர். வரைபடம் போடும் பெண் கேள்விக்குறி. அவள் ஏன், எப்படி என்று கேட்காமல் ஒரு போல்ட் முடுக்க முடியாது. ஓட்டுவது பொட்டு. இரண்டாம் ஆண்டுதான், ஆனால் அந்த இருக்கைக்குள் நுழைகிற அளவுக்கு ஆள் ஒரு பொட்டளவுதான் இருந்தாள். பொட்டுதான் சித்தியின் மகள்.

புதுப் பாடம் அடுத்த திங்கட்கிழமையே அரங்கேறியது. கேப்டன் மேஜைத் தலைப்பில் நின்றுகொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "எல்லாம் சரிதானே?" என்றாள். சொல்லி வைத்தாற்போல எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. வயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "என்னப்பா இது, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்று சிரித்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினோமே, நாம்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

எடையைக் குறைத்தால் கார் அதிக தூரம் ஓடும், கம்பெனிக்காரர் அதைத்தான் பார்ப்பார் என்பது அவளுடைய கணக்கு. அதனால் கைப்பிரேக்கைக் கழற்றிவிடலாம் என்றாள். கேள்விக்குறி வழக்கம்போலக் கையைத் தூக்கினாள்.

"கழட்டிட்டா, சரிவுல எப்படி நிக்கும்? கால் பிரேக் ஒண்ணை மட்டும் நம்பி..."

"சிக்கலா, தீர்வா?"

கேட்ட வேகத்தில் மற்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கேள்விக்குறியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அடுத்த வாரம் அவளுக்குப் புது வேலை வந்தது: அழைப்பிதழும் பேனரும். "உன் கையெழுத்து அழகா இருக்கு, வேற யார் எழுதுவா?" என்று கேப்டன் தோளில் தட்டிக் கொடுத்தாள். கேள்விக்குறி கொட்டகையின் மூலையில் தரையில் உட்கார்ந்து, பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு வருடம் வரைபடம் படித்தவள், பிசிறு இல்லாமல் எழுதினாள். அந்த மூலையை மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு எண்ணெய் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"கேப்டன், பெடல்... மிதிச்சா பிடிக்குது. ஆனா மிதிச்சு அப்படியே..."

அவள் கைப்பேசியில் பயிற்சி அம்மாவுக்கு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சிக்கலா, தீர்வா?" என்றாள்.

எண்ணெய் மூலையில் இருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்தான். மென்று விழுங்கினான். "தீர்வு கிடைச்சதும் சொல்றேன்" என்றான்.

"குட். அதான் வேணும்."

பயிற்சி அம்மா ஒரு நாள் கொட்டகைக்கே வந்து பார்த்துவிட்டு, இத்தனை ஒற்றுமையான குழுவை நான் பார்த்ததே இல்லை என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஊசி விழுந்தால் கேட்கும். கேப்டன் உள்ளே வரும்போது பேச்சு நின்றுபோகும். ஸ்பேனர் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல கேப்டன், சும்மா" என்பான் வயர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சிரிப்பார்கள். தான் இல்லாதபோது இங்கே வேறொரு கூட்டம் நடக்கிறதோ என்று அவளுக்கு ஒரு தடவை சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை, தன்னை மதிக்கிறார்கள், அதனால்தான் இந்த அடக்கம் என்று சொல்லித் தட்டிவிட்டாள். மதிப்புக்கும் பயத்துக்கும் வெளியே தெரிகிற முகம் ஒன்றுதான். உள்ளே நிற்கிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வீட்டிலும் அது வந்து சேர்ந்தது. சித்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். பகலெல்லாம் ஊருக்கே பேசிவிட்டு வருவதால் வீட்டில் அவளுக்குப் பேச்சு குறைவு, காது அதிகம். ஒரு காலை சாப்பிடும்போது பொட்டு, "தண்ணி எடுத்துக்கலாமா கேப்டன்?" என்று கேட்டாள். சித்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள கேப்டன்? அவ உனக்கு அக்கா."

"பழக்கம் ஆயிடுச்சும்மா."

"தண்ணி குடிக்கவும் உத்தரவு கேக்கணுமா?"

பொட்டு கேப்டனின் முகத்தைப் பார்த்தாள். கேப்டன் சிரித்து மழுப்பினாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அவளுக்கு அது பிடித்திருந்தது. தண்ணீர் ஜாடியில் கை வைப்பதற்கு முன்னால் ஒருத்தி தன் முகத்தைப் பார்க்கிறாள் என்பது உள்ளுக்குள் இனித்தது. இனித்ததை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கூச்சம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போய்விட்டது.

ஓட்டிக் காட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் கம்பெனியிலிருந்து சரிபார்ப்புத் தாள் வந்தது. நாற்பது வரி. ஒவ்வொன்றையும் அந்தந்த வேலைக்காரர் சோதித்து டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பதினேழாவது வரி பிரேக்: 'மிதித்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கவும். பெடல் கீழே இறங்கக் கூடாது.' சட்டென்று மிதித்தால் எந்த பிரேக்கும் பிடித்துவிடும். உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், பிடித்த பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பெடல் தானாகக் கீழே போகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பத்து எண்ணச் சொல்கிறார்கள். இது முதலாண்டுப் பாடம். கேப்டனுக்கும் தெரியும்.

எண்ணெய் தாளை வாங்கினான். காருக்குப் பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலேயே டிக் போட்டான். பேனாவை அழுத்திய அழுத்தில் அந்த இடத்தில் தாள் கிழிந்தே போனது.

"பாத்துட்டியா?" என்றாள்.

"ம்."

"எல்லாம் சரிதானே?"

"சரிதான் கேப்டன்."

அவள் தாளை வாங்கி மேஜைமேல் வைத்தாள். தாளில் இருந்த ஓட்டை வழியாக மேஜையின் மரம் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் கார். உட்கார்ந்து மிதித்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்கப் பத்து வினாடி போதும். எண்ணிப் பார்த்து பெடல் இறங்கிவிட்டால் என்ன செய்வது? நாளை மறுநாள் கம்பெனிக்காரர் வருகிறார். அழைப்பிதழ் போயாகிவிட்டது. சித்தி அன்றைக்கு விடுப்பு சொல்லியாகிவிட்டது. அவள் தாளைக் கோப்பில் வைத்து மூடினாள். எண்ணெயின் வேலையில் தலையிடுவது அவனை நம்பாதது போல ஆகும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல தலைவர்கள் நம்புவார்கள் என்று நோட்டில் வேறு எழுதியிருந்தது.

அந்த நாளும் வந்தது. காலை பத்து மணி, சுள்ளென்று வெயில். பிரதானக் கட்டடத்திலிருந்து நூலகம் வரை இறங்குகிற தார்ச்சாலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். சரிவின் அடியில் வெள்ளைக் கோடு, அதுதான் நிற்க வேண்டிய இடம். கோட்டுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க முந்நூறு மாணவர்கள். பக்கவாட்டில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, அதன் செங்கல் சுவர். மேலே கேள்விக்குறி எழுதிய பேனர். பேனரைப் பார்த்த எல்லாரும் எழுத்தைப் புகழ்ந்தார்கள்.

கம்பெனிக்காரர் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். சித்தி முதல் வரிசை நாற்காலியில், நல்ல புடவையில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பொட்டு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காருக்குள் இறங்கினாள். கேப்டன் குனிந்து பெல்ட்டை இறுக்கிவிட்டாள். அப்போது பார்த்தாள். பொட்டுவின் கால் பெடலைத் தட்டித் தட்டி மிதித்துக்கொண்டிருந்தது. டக், டக், டக். மூன்று தடவை தட்டியதும் கால் நிற்கும். மறுபடி டக், டக், டக். நல்ல பிரேக்கை யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். நழுவுகிற பிரேக்கோடு பல நாள் பழகின கால்தான் அப்படித் தட்டும். காருக்கு மறுபக்கம் நின்ற எண்ணெய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வயர், காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் பெல்ட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தலைக்கவசத்துக்குள்ளே பொட்டுவின் கண்கள் அவளையே பார்த்தன. ஏதோ எதிர்பார்க்கிற கண்கள். என்னடி ஆச்சு, ஏன் தட்டுற, என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பின்னால், "ஆரம்பிக்கலாமா?" என்று கம்பெனிக்காரரின் குரல் கேட்டது.

"எல்லாம் சரிதானே?" என்றாள் கேப்டன்.

"சரிதான் கேப்டன்."

முதல் சுற்று அழகாகப் போனது. கார் சத்தமே இல்லாமல் இறங்கி, வெள்ளைக் கோட்டில் கச்சிதமாக நின்றது. முந்நூறு பேரும் விசில் அடித்தார்கள். சித்தி எழுந்து நின்று கை தட்டினாள். கேப்டனுக்கு மூச்சு திரும்ப வந்தது. பார்த்தாயா, வீணாகப் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கார் மேலே வந்ததும் கம்பெனிக்காரர் மெதுவாகத்தான் கேட்டார். "இன்னொரு தடவை போகச் சொல்லுங்களேன். இந்தத் தடவை நடுச்சரிவுல நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. சும்மா, ஒரு பத்து செகண்ட். அது போதும்."

சுற்றிலும் எல்லாச் சத்தமும் தூரமாகப் போய்விட்டது போல இருந்தது அவளுக்கு. எண்ணெய் ஓரடி முன்னால் வந்தான். வாய் திறந்தது. கேப்டன் அவனைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான், ஒரு பார்வை. அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். "பொட்டு, இந்தத் தடவை பாதியில நிறுத்து. நிறுத்திப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

எதிர்முனை கரகரத்தது. பிறகு, "சரி கேப்டன்."

கார் இறங்கியது. நடுச்சரிவில் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கேப்டன் மனதுக்குள் எண்ணினாள். ஆறாவது எண்ணில் சக்கரம் ஒரு விரற்கடை உருண்டது. ஏழாவதில் ஒரு சாண். காலை எடுக்காதே என்று சொல்லியிருந்தாள், அந்தப் பெண் எடுக்கவில்லை. எடுத்துத் தட்டி மிதித்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, கார் போய்க்கொண்டே இருந்தது. "தட்டு! தட்டி மிதி!" என்று எண்ணெய் கத்தினான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கேட்கிற தூரத்தில் கார் இல்லை. வாக்கிடாக்கி கேப்டனின் கையில் இருந்தது, அவள் இன்னும் எண்ணிக்கொண்டே நின்றாள்.

கோட்டுக்குப் பின்னால் நின்ற கூட்டம் சிதறுவதற்குள் கார் கோட்டைத் தாண்டியது. பொட்டு கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஆட்கள் பக்கம் போகாமல் கார் சைக்கிள் கொட்டகைச் சுவரில் போய் மோதியது. மோதிய சத்தத்துக்குப் பிறகு ஒரு சைக்கிள் மணி மட்டும் தனியாக அடித்து ஓய்ந்தது.

அடுத்த அரை மணி நேரம் கேப்டன் செய்த வேலையைப் பற்றித்தான் பிறகு எல்லாரும் பேசினார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள். பாட்டரி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி வயரை அனுப்பியது அவள். கூட்டத்தைக் கயிற்றுக்கு அப்பால் தள்ள நாலு பேரை நிறுத்தி, கழுத்தை அசைக்காமல் பொட்டுவை வெளியே எடுக்கச் சொல்லி, சித்தியைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்களை ஏற்பாடு செய்து, எல்லாம் அவள்தான். குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. கம்பெனிக்காரர் ஓரமாக நின்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் விசாரணை. இரண்டு பேராசிரியர்கள், ஒரு மேஜை, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கேப்டனை அறைக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள்.

"பிரேக்கை நீதானே சோதிச்ச? பத்து எண்ணினியா?"

"எண்ணினேன் சார். இறங்கல" என்றான் எண்ணெய். இந்த முறை ஒரு வார்த்தைகூட வழுக்கவில்லை. வயரும் அதையே சொன்னான். கேள்விக்குறி வந்து, தனக்கு பேனர் வேலை மட்டும்தான் என்றாள். கைப்பிரேக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கவில்லை. மூன்று பேரும் ஒரே குரல். கேப்டன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை தப்பியது என்று நிம்மதி வர வேண்டும். வரவில்லை. தன் குழுவைப் பார்த்து அவளுக்கே முதல் தடவையாகப் பயம் வந்தது.

எதிர்பாராத உதிரிபாகக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவள் வெளியே வந்து படி இறங்குவதற்குள் கைப்பேசி அடித்தது. கம்பெனிக்காரர்தான். நெருக்கடியில் அவள் நடந்துகொண்ட விதம் அபூர்வமானது என்றார். இந்த வயதில் இப்படி ஒரு நிதானத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். பயிற்சி மேலாளர் இடம் அவளுக்குத்தான். அவள் நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனைக்குப் போனபோது பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. நாலு கட்டில் போட்ட அறை, ஜன்னலோரக் கட்டிலில் பொட்டு. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, தோள்பட்டை எலும்பு விரிசல். கால் தொடையிலிருந்து கட்டுப்போட்டுத் தூக்கித் தொங்கவிடப்பட்டிருந்தது. மறுபடி ஒழுங்காக நடக்க ஒரு வருடம் ஆகலாம், நடை பழையபடி வருமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சித்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் கட்டிய அதே நல்ல புடவை, கசங்கிப் போயிருந்தது.

வேலை கிடைத்த விஷயத்தைச் சொல்லலாம் என்று வந்தவள், கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சித்தி அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மகளிடம் திரும்பினாள். விட்ட இடத்திலிருந்து கேட்டாள். "நீ சொல்லு. அந்த பிரேக் கெட்டுப் போயிருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொட்டு கண்ணை மட்டும் திருப்பினாள். தன் அம்மாவைத் தாண்டி, கால்மாட்டில் நின்றவளின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. கேப்டன் வேண்டாம் என்று தலையை ஆட்ட நினைத்தாள், உண்மையைச் சொல் என்று சொல்ல நினைத்தாள், இரண்டும் முடியாமல் அப்படியே நின்றாள்.

சித்திக்கு அந்தப் பார்வை போன இடம் தெரிந்துவிட்டது. அவளும் மெதுவாகத் திரும்பினாள். ஏழு வருடம் ஒரே தட்டில் சோறு போட்டவள், அக்கா மகளை யாரோ மாதிரி ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் கேப்டன். ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சித்தி ஸ்டூலை விட்டு எழுந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, மகள் முகம் இவளுக்குத் தெரியாதபடி, இவள் முகம் மகளுக்குத் தெரியாதபடி நின்றுகொண்டாள். பிறகு மகளிடம், "இப்ப சொல்லு" என்றாள்.

பொட்டு சொல்ல ஆரம்பித்தாள். முதலில் திக்கித் திக்கி, அப்புறம் அணை உடைந்த மாதிரி. பத்தொன்பது நாளாகத் தெரியும். எண்ணெய்தான் முதலில் கண்டுபிடித்தான். உள்ளே ரப்பர் போய்விட்டது, புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகும். கேப்டனிடம் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. அதுவரைக்கும் தட்டித் தட்டி மிதி, பிடிக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். நாலு பேரும் கொட்டகைக்குப் பின்னால் கூடிப் பேசினார்கள். யார் போய்ச் சொல்வது? யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் வயர் சீட்டுக் குலுக்கிப் போட்டான். சீட்டு பொட்டுவின் பெயருக்கு விழுந்தது.

"அப்புறம்?" என்றாள் சித்தி.

"வீட்டுலதானே இருக்கா, நான் சொல்லிடறேன்னு சொல்லிட்டு வந்தேன். நீ அன்னைக்கு இன்னும் வேலையில இருந்து வரல. அக்கா ரூம்ல சட்டை அயர்ன் பண்ணிட்டிருந்தா. நான் வாசல்லயே நின்னேன்மா. ரொம்ப நேரம் நின்னேன். அக்கான்னு கூப்பிட்டேன். அவ திரும்பிப் பாத்து, என்னடி, எல்லாம் சரிதானேன்னு கேட்டா. நான் சரிதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பொட்டு விசும்பி விசும்பி அழுதாள். சித்தி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கேப்டன் அந்த முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அது எந்தச் சாயங்காலம் என்று யோசித்தாள். அயர்ன் பாக்ஸ், சட்டை, கதவோரத்தில் பொட்டு. திங்களா, செவ்வாயா? ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்த் தேடிப் பார்த்தாள். எவ்வளவு தேடியும் அவளுக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.